ஒற்றைத் தலைவலியும் நாள் ஒழுங்கும்

ஒற்றைத் தலைவலி வந்து போகும் நோய். வந்துவிட்டால் நான்கு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை ஆளைக் கிடத்திவிடும். தலையின் ஒரு பக்கம் விண்விண் என்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் ஓசையும் பொறுக்காது, படியேறினாலே வலி கூடும். விட்டுப் போனபின் அடுத்த தடவை வரும்வரை ஆள் நலமாகவே இருப்பார். உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கு. ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். நலமான நாள்களுக்கு நடுவே வலி வந்து விழுவதால், முந்தின நாள் என்ன தின்றோம், எப்போது தூங்கினோம், எந்த வெயிலில் அலைந்தோம் என்று தேடும் வழக்கம் நோயாளிகளிடம் தொன்றுதொட்டு இருந்துவருகிறது. அந்தத் தேடலிலிருந்துதான் உண்ணல், உறங்கல், குளித்தல், நடத்தல் பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு பிறந்தன. நோயின் மீது திட்டவட்டமாக வேலை செய்யும் மருந்து கிடைத்தது இருபதாம் நூற்றாண்டில்தான். விதிகளுக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல்.

கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் சுவடியில் பாதித்தலை நோவுக்கு ஒரு வைத்தியம் உண்டு. கெளுத்தி மீனின் மண்டையை எண்ணெயில் பொரித்து, அந்த எண்ணெயைத் தலையில் தடவ வேண்டும். இது வைத்தியம்தான், வாழ்க்கை விதி அன்று. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களில் கண்முன் ஒளி தோன்றிப் பின் நெற்றிப்பொட்டில் வலி எழுவதும், வாந்தி எடுத்ததும் தணிவதும் பதிவாகியுள்ளன. கப்படோக்கியா நாட்டு மருத்துவர் அரிட்டியஸ் இன்னும் தெளிவாகப் பார்த்தவர். நோயாளிகள் வெளிச்சத்தை விட்டு ஓடுவதையும், இருட்டே அவர்களுக்கு ஆறுதல் தருவதையும், வாழ்வே வெறுத்துச் சாவை விரும்புவதையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். இருட்டறையில் அசையாமல் படுத்துக்கொள்வதே இந்த நோய்க்கு மனிதர் கண்ட முதல் பழக்கம் எனலாம். இதற்கு எந்த மருத்துவரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

விதிகளை ஒரு முறைமைக்குள் கொண்டுவந்தது கேலனின் மரபு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த கேலன், வயிற்றிலிருந்தும் உடலின் பிற பகுதிகளிலிருந்தும் எழும் ஆவியும் பித்தமும் தலைக்கு ஏறுவதால் இந்த வலி வருகிறது என்றார். அவருக்குப் பின் வந்தோர் உடல்நலத்தைக் காப்பவை ஆறு என்று வகுத்தார்கள்: காற்று, உணவும் நீரும், உறக்கமும் விழிப்பும், உழைப்பும் ஓய்வும், கழிவை வெளியேற்றலும் தேக்கலும், மனத்தின் உணர்ச்சிகள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும், அவருக்குப் பின் இப்னு சீனாவும் இந்த ஆறையும் அரபு மருத்துவத்தின் அடித்தளமாக்கினர். இந்தியாவுக்கு வந்து வேரூன்றிய யூனானி மருத்துவத்தில் இன்றும் இவை 'அஸ்பாப்-இ-ஸித்தா ஸரூரிய்யா' என்ற பெயரில் பாடமாக உள்ளன. கேலன் சொன்ன ஆவியை இன்று யாரும் நம்புவதில்லை. ஆனால் இன்றைய நரம்பியல் மருத்துவர் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளை வரிசைப்படுத்தினால் இந்த ஆறில் பெரும்பாலானவை அப்படியே வந்துவிடும்.

இந்திய மருத்துவ நூல்கள் தனி வழியில் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்தன. சுசுருத சம்ஹிதை தலைநோய்களைப் பதினொன்றாகப் பிரிக்கிறது. தலையின் பாதியைப் பிளப்பதுபோல் வரும் வலியை 'அர்த்தாவபேதகம்' என்றும், சூரியன் எழும்போது தொடங்கி உச்சிவெயிலில் முற்றிப் பொழுது சாயும்போது தணியும் வலியை 'சூரியாவர்த்தம்' என்றும் அது குறிக்கிறது. சரக சம்ஹிதை அர்த்தாவபேதகத்துக்கான காரணங்களை அடுக்கும்போது முழுக்க முழுக்க அன்றாட வாழ்க்கையையே பேசுகிறது. நெய்ப்பசையற்ற வறண்ட உணவு, முன்பு உண்டது செரிக்கும் முன் மீண்டும் உண்பது, கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்று, பனி, அளவு மீறிய புணர்ச்சி, இயற்கை உந்துதல்களை அடக்குவது, கடும் உழைப்பு ஆகியவை வாதத்தைக் கிளறித் தலையின் பாதியைப் பிடிக்கும் என்கிறது. பரிகாரம் எண்ணெய், நெய், மூக்கில் விடும் நசியம்.

தமிழ்நாட்டில் சித்த மருத்துவம் இதைத் தனிநோய்க்கான பரிகாரம் என்ற நிலையிலிருந்து வீட்டு ஒழுக்கமாகவே மாற்றியது. தேரையர் பெயரில் வழங்கும் பிணி அணுகா விதிப் பாடல்கள் நோய் வருமுன் காக்கும் நாள்கணக்கு ஒன்றைத் தருகின்றன. நான்கு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் முழுக்கு, ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை நசியம், நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாந்தி மருந்து. எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில் குளிக்க வேண்டும், பகலில் தூங்கக் கூடாது, இயற்கை உந்துதல்களை அடக்கக் கூடாது, நாளைக்கு இரண்டு வேளைக்கு மேல் உண்ணக் கூடாது, முதல்நாள் சமைத்த கறியைத் தொடக் கூடாது. சரகர் நோய்க் காரணமாகச் சொன்னவற்றில் சில இங்கே விலக்க வேண்டிய செயல்களாக வந்து நிற்கின்றன.

எண்ணெய் முழுக்கு ஊர் வழக்கத்தில் வேறு வடிவம் பெற்றது. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று கிழமை குறிக்கப்பட்டது. நல்லெண்ணெயைக் காய்ச்சி, அதில் ஒன்றிரண்டு மிளகையோ சீரகத்தையோ போட்டு, உச்சியில் வைத்து அரக்கித் தேய்ப்பார்கள். சீயக்காயால் அலசி வெந்நீர் ஊற்றுவார்கள். குளித்த பெண்களின் கூந்தலைச் சாம்பிராணிப் புகையில் காட்டி உலர்த்துவார்கள். அன்று வெயிலில் போகக் கூடாது, மோர் கூடாது, குளிர்ந்த பண்டம் கூடாது, பகல் தூக்கம் கூடவே கூடாது. இந்தத் தடைகளில் சில வெறும் சம்பிரதாயமாக இருக்கலாம். ஆனால் ஈரத்தலையைப் பற்றிய அச்சத்துக்குப் பின்னால் நேரடி அனுபவம் இருந்திருக்க வேண்டும். மும்பையின் தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர் 2006-இல் 'செஃபலால்ஜியா' இதழில் வெளியிட்ட ஆய்வு, தலைக்குக் குளித்ததும் ஒற்றைத் தலைவலி தொடங்கும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றியது. மேலைநாட்டுப் பாடநூல்களின் தூண்டுதல் பட்டியல்களில் இடம்பெறாத இந்தக் காரணத்தை இந்தியப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். நீண்ட அடர்த்தியான கூந்தல், அது முழுக்க உலர ஆகும் பல மணி நேரம், ஈரத்தோடு வேலைக்கு ஓட வேண்டிய அவசரம் எல்லாம் இந்த நாட்டுக்கு உரியவை. சாம்பிராணி வெறும் மணத்துக்காக வந்ததா, தலைவலிக்கு அஞ்சி வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் பயன்பட்டது என்பதே பொருந்தும். கடும் வாசனையே சிலருக்கு ஒற்றைத் தலைவலியைக் கிளப்பும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், சாம்பிராணி எல்லார் வீட்டிலும் ஒரே பலனைத் தந்திருக்காது.

வலி வந்தபின் செய்வனவும் வீட்டிலேயே இருந்தன: சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவது, நொச்சி இலை அடைத்த தலையணையில் படுப்பது, துணியைத் தலையைச் சுற்றி இறுகக் கட்டுவது, ஆவி பிடிப்பது. இவற்றில் தலையைக் கட்டும் பழக்கம் உலகமெங்கும் உண்டு.

ஐரோப்பாவில் ஒரே ஒரு நோயாளியின் கதை மருத்துவத்தின் இயலாமையை வெளிச்சம் போட்டுக் காட்டியது. இங்கிலாந்தின் தத்துவ அறிஞர் ஆன் கான்வே, 1631-இல் பிறந்தவர், பன்னிரண்டு வயதில் காய்ச்சலோடு தொடங்கிய தலைவலியை வாழ்நாள் முழுவதும் சுமந்தார். இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி மருத்துவம் பார்த்தார். பாதரசம் கொடுத்தார்கள். 1656-இல் பிரான்சுக்கு அழைத்துப் போய் இரத்தக் குழாய்களைத் திறந்து இரத்தம் வடித்தார்கள். 1666-இல் கையால் தடவியே நோய் போக்குவதாகப் பெயர் பெற்ற ஐரிஷ்காரர் வாலன்டைன் கிரேட்ரேக்ஸை வரவழைத்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. ஆக்ஸ்போர்டு மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-இல் வெளியிட்ட நூலில் பெயர் குறிப்பிடாமல் இந்தப் பெண்மணியின் நோயை விவரித்து, தலையின் இரத்தக் குழாய்கள் விரிவதே வலிக்கு மூலம் என்ற கருத்தை முன்வைத்தார். அடுத்த முந்நூறு ஆண்டு அந்தக் கருத்துதான் ஓங்கி நின்றது. வில்லிஸ் அப்போது லண்டனுக்குப் புதிதாக வந்திருந்த காப்பியின் தீவிர ஆதரவாளர். சில தலைநோயாளிகளை மருந்துக் கடைக்கு அனுப்புவதைவிடக் காப்பிக் கடைக்கு அனுப்பலாம் என்பது அவர் எண்ணம். கான்வே 1679-இல் இறந்தார். அவருடைய தத்துவ நூல் அதற்குப் பிறகே அச்சேறியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் கவனம் வயிற்றுக்குத் திரும்பியது. சுவிட்சர்லாந்து மருத்துவர் டிஸ்ஸோ வயிற்றின் எரிச்சல் நரம்பு வழியாகத் தலையைத் தாக்குகிறது என்று விளக்கினார். லண்டன் குவேக்கர் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் 1778-இல் வாசித்து 1784-இல் அச்சான கட்டுரையில், தமக்கே இருந்த இந்த நோயைப் பற்றி எழுதினார். வலிக்கு முன் கண்ணில் கோட்டைச் சுவர்போல் கோணல்மாணலாக மின்னும் ஒளியை அவர் விவரித்த விதம் இன்றும் மருத்துவர்கள் எடுத்துக்காட்டுவது. அவர் சுட்டிய குற்றவாளிகள் உருக்கிய வெண்ணெய், கொழுப்பு இறைச்சி, மசாலாக்கள், குறிப்பாக மிளகு, கடுமையான பார்லி மது. தமிழ் வீட்டில் முழுக்கு எண்ணெயிலும் ரசத்திலும் மருந்தாக இருந்த மிளகு லண்டனில் விலக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் காரணம் வலுவான சோதனை அன்று. தம் அனுபவமும், அந்தந்த ஊரின் செரிமானக் கோட்பாடும்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் எட்வர்ட் லிவீங் 1873-இல் வெளியிட்ட பெருநூல் நோயை வயிற்றிலிருந்தும் இரத்தக் குழாயிலிருந்தும் மூளைக்கு மாற்றியது. நரம்பு மண்டலத்தில் அவ்வப்போது எழும் புயல் என்று அவர் கருதினார். இன்றைய விளக்கத்துக்கு மிக நெருங்கியவர் அவர்தான். ஆனால் பொதுமக்களின் சாப்பாட்டுத் தட்டை மாற்றியவர் வேறொருவர். லண்டன் மருத்துவர் அலெக்சாண்டர் ஹெய்க்குக்கு இளமையிலிருந்தே ஒற்றைத் தலைவலி. 1880-களின் தொடக்கத்தில் அவர் இறைச்சியைக் கைவிட்டுப் பார்த்தார். வலி குறைந்தது. இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறுவதே காரணம் என்று முடிவு கட்டினார். 1892-இல் வெளியான அவருடைய நூல் தலைவலியில் தொடங்கி வாதம், மனச்சோர்வு, வலிப்பு என ஏறக்குறைய எல்லா நோய்க்கும் யூரிக் அமிலத்தையே காரணமாக்கியது. பல பதிப்புகள் ஓடியது. அவருடைய உணவு முறையைப் பின்பற்றியவர்கள் இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு தேநீர், காப்பி, பருப்பு வகைகளையும் விட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் ஒருவர் அதைக் கடைப்பிடித்திருந்தால் காலைக் காப்பியும் மதியச் சாம்பாரும் சேர்ந்தே போயிருக்கும். ஹெய்க்கின் கோட்பாட்டை அடுத்த தலைமுறை மருத்துவர்கள் கைவிட்டார்கள். ஒருவருடைய உடல் தந்த விடையை ஊருக்கெல்லாம் சட்டமாக்கும் போக்கு மட்டும் நிலைத்துவிட்டது. ஒற்றைத் தலைவலி தானாகவே சில ஆண்டு கூடியும் சில ஆண்டு குறைந்தும் போகும் நோய் என்பதால், வலி குறையும் காலத்தில் எதை விட்டிருந்தாலும் அதற்கே பெருமை போய்ச் சேரும்.

அதே கால அளவில் இந்தியாவில் தலைவலி ஒரு வணிகமாகவும் வளர்ந்தது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம் 1914-இல் சென்னைக்கு வந்தது. சுக்குப் பற்றின் இடத்தை மஞ்சள் தைலப் புட்டி பிடித்துக்கொண்டது. இழைக்க வேண்டாம், காய்ந்து உதிராது, பையில் வைத்துக்கொண்டு போகலாம். தைலங்களில் உள்ள மெந்தால் தோலின் குளிர்ச்சி உணர்வைத் தூண்டி வலிச் செய்தியை மங்கச் செய்கிறது. ஈரானின் ஷிராஸ் நகரில் நடந்து 2010-இல் வெளியான சோதனையில், நெற்றியில் தடவிய மெந்தால் கரைசல் வெற்றுத் திரவத்தைவிட ஒற்றைத் தலைவலியை மேலாகத் தணித்தது. நெற்றியில் தைலம் தடவிய பாட்டிகளின் பக்கம் சாய்ந்த தீர்ப்பு என்று இதைக் கொள்வதில் தவறில்லை.

காப்பியும் இதே காலத்தில்தான் தமிழ் நடுத்தர வர்க்க வீடுகளில் பழையதையும் நீராகாரத்தையும் ஓரம் தள்ளி உட்கார்ந்தது. அந்த மாற்றம் எழுப்பிய கூச்சலை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியுள்ளார். தலைவலியின் கணக்கில் காப்பிக்கு இரண்டு பக்கம். கஃபீன் வலி மருந்துகளின் வேகத்தைக் கூட்டுவதால் பல தலைவலி மாத்திரைகளில் சேர்க்கப்படுகிறது. அன்றாடம் குடிப்பவர் ஒரு நாள் தவறவிட்டால் அதுவே தலைவலியாகத் திரும்புகிறது. 1992-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, நாளைக்கு இரண்டு மூன்று கோப்பை மட்டும் குடிப்பவர்களுக்கும் இப்படி நேர்வதைக் காட்டியது. விடுமுறை நாளில் வரும் தலைவலிக்கு ஒரு விளக்கம் இங்கே கிடைக்கிறது. அன்று எழுவதும் தாமதம், முதல் காப்பியும் தாமதம், சாப்பாடும் தாமதம். வார நாள் ஆறரை மணிக் காப்பியை ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்குக் குடிப்பவர், தம்மை அறியாமலே மூன்று ஒழுங்குகளை ஒரே நேரத்தில் கலைக்கிறார்.

நியூயார்க் மருத்துவர் ஹெரால்ட் உல்ஃப் காலத்தில் ஆய்வுக்கூடம் இந்த நோய்க்குள் நுழைந்தது. 1938-இல் அவரும் ஜான் கிரஹாமும் எர்கோட்டமின் மருந்து நெற்றிப்பொட்டு இரத்தக் குழாயின் துடிப்பைக் குறைப்பதை அளந்து காட்டினர். வில்லிஸின் பழைய கருத்துக்கு அது பலம் சேர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டு உல்ஃப் வெளியிட்ட கட்டுரை நோயாளிகளின் குணத்தைப் பற்றியது: பேராவல், விடாப்பிடியான ஒழுங்கு, தவறைப் பொறுக்காமை. அவருக்கே ஒற்றைத் தலைவலி உண்டு, அவரும் அத்தகையவர்தான் என்பது சுவையான செய்தி. ஆனால் இந்தச் சித்திரம் கெடுதலும் செய்தது. வலிக்குக் காரணம் நோயாளியின் சுபாவம்தான் என்ற எண்ணம், பெண்களின் தலைவலியை நரம்புத் தளர்ச்சி என்று ஒதுக்கிய பழைய ஐரோப்பிய வழக்கத்தோடு எளிதாக ஒட்டிக்கொண்டது. பெண்களிடம் நோய் மிகுவதற்கு வேறு விளக்கம் கிடைக்க 1970-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாதவிடாய்க்குச் சற்று முன் ஈஸ்ட்ரஜன் சுரப்பு சரிவதே அப்போது வரும் வலியைத் தூண்டுகிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவர் சாமர்வில் காட்டினார்.

சாப்பாட்டுத் தடைகள் 1960-களில் புது உருவில் வந்தன. மனச்சோர்வுக்கு அப்போது தரப்பட்ட ஒருவகை மருந்தை உட்கொண்டவர்கள் பாலாடைக்கட்டி தின்றதும் இரத்த அழுத்தம் ஏறித் தலைவலியால் துடித்தார்கள். பழுத்த பாலாடைக்கட்டியில் சேரும் டைரமின் என்ற பொருளே காரணம் என்று தெரிந்தது. 1967-இல் பிரிட்டிஷ் மருத்துவர் எட்டா ஹானிங்டன் ஒற்றைத் தலைவலிக்கும் டைரமினைப் பொறுப்பாக்கினார். பாலாடைக்கட்டி, சாக்லேட், சிவப்பு ஒயின், ஆரஞ்சு வகைப் பழங்கள் என்று விலக்க வேண்டியவற்றின் பட்டியல் மருத்துவமனைத் துண்டுத்தாள்களில் ஏறி உலகைச் சுற்றியது. பாலாடைக்கட்டியைக் கண்ணால் பார்க்காத ஊர்களிலும் அது நகலெடுக்கப்பட்டது. பிறகு நடந்த சோதனைகள் பட்டியலுக்குச் சாதகமாக இல்லை. 1997-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் அடிக்கடி தலைவலி வரும் 63 பெண்களுக்குச் சாக்லேட்டையும் அதே சுவையில் செய்த கேரப் இனிப்பையும் எது எதுவென்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். சாக்லேட்டால் தலைவலி கூடுதலாக வரவில்லை, சாக்லேட்டே காரணம் என்று நம்பியவர்களுக்கும்கூட.

அப்படியானால் இத்தனை பேர் சொன்னது பொய்யா என்றால், இல்லை. வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முன்பே நோய் தொடங்கிவிடுகிறது. கொட்டாவி, களைப்பு, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பின் மீது திடீர் ஆசை ஆகியவை அதன் அடையாளங்கள். 2003-இல் வெளியான ஆய்வில் நோயாளிகள் கையடக்கக் கருவியில் நாள்குறிப்பு எழுதி, வரப்போகும் வலியைப் பெரும்பாலும் சரியாகவே முன்னறிவித்தனர். நோய் தொடங்கிவிட்டதால்தான் சாக்லேட் ஆசை வந்தது, சாக்லேட் தின்றதால் நோய் வரவில்லை என்று பார்த்தால் பட்டியலில் பாதி தலைகீழாகிறது. மது, பட்டினி, தூக்கக் கேடு, மாதவிடாய் ஆகியவற்றின் பங்கு மட்டும் இந்தச் சல்லடையிலும் பெரும்பாலும் நிலைத்தது.

பட்டினிக்கு உலகெங்கும் சான்று உண்டு. இஸ்ரேலில் யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பன்று வரும் தலைவலியை 1995-இல் மொசெக்கும் கோர்ச்சினும் ஆராய்ந்து வெளியிட்டனர். ரமலான் மாதத் தலைவலியும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. ஏகாதசி, சஷ்டி விரதங்களை நீர்கூட அருந்தாமல் இருப்போருக்கும் இது புதிதன்று. இந்த ஒரு விஷயத்தில் தேரையர் விதியும் இன்றைய மருத்துவமும் பிரிகின்றன. இரண்டு வேளைக்கு மேல் உண்ணாமை அன்றைய விதி. ஒற்றைத் தலைவலிக்காரர் ஒரு வேளையும் தவறவிடக் கூடாது, நேரம் மாறக் கூடாது என்பது இன்றைய அறிவுரை. இரண்டு வேளையே வழக்கமான உடலும், மூன்று வேளை பழகியபின் ஒன்றைத் தவறவிடும் உடலும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

தூக்கத்தில் இரண்டு மரபும் அருகே வருகின்றன. லண்டனில் ஒற்றைத் தலைவலிக்கென்றே 1970-களில் இயங்கிய சிகிச்சையகத்தில் மார்சியா வில்கின்சன் முதலிய மருத்துவர்கள், வலியோடு வந்தவர்களை இருட்டறையில் தூங்கவைப்பதன் பலனைக் கண்டார்கள். வலியைப் போக்குவது தூக்கம் என்றால் வலி வராமல் காப்பதும் அதுவா என்ற கேள்விக்கு 2007-இல் வட கரோலினாவின் ஆன் கால்ஹூனும் ஃபோர்டும் விடை தேடினர். தலைவலி நாள்பட்டதாகிவிட்ட 43 பெண்களில் ஒரு பகுதியினருக்குச் சில எளிய விதிகள் சொல்லப்பட்டன: எட்டு மணி நேரம் படுக்கையில் இருக்கும்படி நேரம் குறித்தல், படுக்கையில் தொலைக்காட்சியும் வாசிப்பும் இல்லாமை, இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பே முடித்தல், பகல் தூக்கத்தை விடுதல். இன்னொரு பகுதியினருக்குப் பயனற்ற போலி விதிகள். முதல் பகுதியினரில் மூன்றில் ஒருவருக்கு நாள்பட்ட வலி மீண்டும் எப்போதாவது வரும் வலியாகக் குறைந்தது. மற்றவர்களில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. பகலில் தூங்காதே என்ற தேரையர் விதிக்கு வாதத்தின் பெயரால் சொல்லப்பட்ட காரணம் நிற்காது, விதி மட்டும் நிலைத்துவிட்டது.

மனத்தைப் பற்றிய பழைய விதியும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது, அதுவும் இந்தியத் தொடர்போடு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மெனிங்கர் நிறுவனத்தில் எல்மர் கிரீனின் குழு, உடலின் தானாக நடக்கும் இயக்கங்களை மனத்தால் அடக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. 1970-இல் அங்கே சோதிக்கப்பட்ட இந்திய யோகி சுவாமி ராமா ஒரே உள்ளங்கையின் இரு பக்கங்களில் வெவ்வேறு வெப்பநிலையை வரவழைத்துக் காட்டினார். அதே குழு ஒற்றைத் தலைவலி தணியும்போது ஒருவரின் கை சூடாவதைத் தற்செயலாகக் கவனித்து, கையை மனத்தால் சூடாக்கப் பழக்கும் முறையை நோயாளிகளிடம் சோதித்தது. கருவி காட்டும் அளவைப் பார்த்துத் தன் உடலைத் தளர்த்தப் பழகும் இந்த முறை, தசைத் தளர்வுப் பயிற்சியோடு சேர்ந்து, இன்று மருந்தில்லாச் சிகிச்சைகளில் நன்கு சோதிக்கப்பட்டவற்றில் ஒன்று.

உடற்பயிற்சிக்கு மட்டும் வரலாறு கொஞ்சம் கோணலானது. கடும் உழைப்பு வலியைத் தூண்டும் என்று சரகர் சொன்னதும் உண்மை, நோயாளிகள் ஓட்டத்தையும் ஆட்டத்தையும் தவிர்ப்பதும் உண்மை. ஆயினும் சுவீடனின் கோதென்பர்க்கில் எம்மா வார்க்கி குழுவினர் 91 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று முறை 40 நிமிடப் பயிற்சியும், ஒன்றுக்குத் தளர்வுப் பயிற்சியும், ஒன்றுக்கு டோபிராமேட் என்ற தடுப்பு மாத்திரையும் கொடுத்தபோது, வலி குறைந்ததில் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2011-இல் முடிவு வெளியானது. பக்கவிளைவு மாத்திரைப் பிரிவுக்கு மட்டுமே. திடீரென்று செய்யும் உழைப்பு வேறு, நாள்தோறும் செய்து உடல் பழகிய உழைப்பு வேறு என்பதே இரண்டு உண்மைகளையும் இணைக்கும் வழி.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது என்ன என்பது மெல்லத்தான் தெரிந்தது. பிரேசில் ஆய்வாளர் லியாவோ 1944-இல் மூளைப் புறணியில் மெதுவாகப் பரவும் செயலொடுக்க அலையைக் கண்டார். ஃபாதர்கில் கண்ட கோட்டைச் சுவர் ஒளிக்கு அதுவே மூலம் என்று பின்னர் உறுதியானது. இரத்தக் குழாய்க் கோட்பாடு பின்வாங்கி, முக்கிளை நரம்பும் அது வெளியிடும் சி.ஜி.ஆர்.பி. என்ற வேதிப்பொருளும் முன்னுக்கு வந்தன. 2016-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஆய்வாளர்கள் ஷுல்டேயும் மேயும் ஒரே நோயாளியின் மூளையை முப்பது நாள் தொடர்ந்து படமெடுத்தார்கள். வலி வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் ஹைபோதலாமஸ் என்னும் பகுதியின் இயக்கம் மாறுவது தெரிந்தது. உறக்கம், பசி, தாகம், சுரப்புகள் எல்லாவற்றையும் நேரம் பார்த்து நடத்தும் பகுதி அது. ஒற்றைத் தலைவலிக்காரரின் மூளை, திரும்பத் திரும்ப வரும் தூண்டலுக்கு மற்றவர் மூளை போல எளிதில் பழகிக்கொள்வதில்லை என்பதும் பல ஆய்வுகளில் பதிவான செய்தி. இதனால் 'எதைத் தவிர்ப்பது' என்பதைவிட 'எதை மாறாமல் வைப்பது' என்ற கேள்வி முதலிடம் பெற்றது.

ஆஸ்திரேலிய உளவியலாளர் பால் மார்ட்டின் இன்னும் ஒரு படி போனார். தூண்டுவது எதுவானாலும் ஒதுங்கி ஒதுங்கிப் போனால் தாங்கும் சக்தி குறையும், சிலவற்றைச் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்வதே மேல் என்பது அவர் நிலை. கறுப்புக் கண்ணாடியோடும் இருட்டறையோடும் வாழப் பழகியவருக்கு வெளிச்சமே எதிரியாகிவிடும். 2019-இல் அமெரிக்க மருத்துவர்கள் ராப்ளீயும் ஸ்டார்லிங்கும் தொகுத்த வழிகாட்டி உறக்கம், பயிற்சி, உணவு, நாள்குறிப்பு, மன அழுத்தம் என்று ஐந்து தலைப்பில் பேசுகிறது. கேலன் மரபின் ஆறிலிருந்து காற்றும் கழிவும் போய், நாள்குறிப்பு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அந்தச் சேர்க்கை சின்னதன்று. வலி வந்த நாள், நேரம், உறங்கிய அளவு, தவறிய சாப்பாடு, மாதவிடாய், விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை இரண்டு மூன்று மாதம் எழுதிப் பார்த்தால்தான் ஹெய்க்குக்கு நேர்ந்த மயக்கம் தவிரும்.

நாள்குறிப்பின் கடைசிப் பத்தியான மாத்திரைக் கணக்குக்கும் தனி முக்கியத்துவம் உண்டு. சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளும், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான், எர்கோட்டமின், கலப்பு மாத்திரைகளை 10 நாளும் எட்டி மூன்று மாதத்துக்கு மேல் உட்கொண்டால், மருந்தே அன்றாடத் தலைவலியாக மாறக்கூடும். பழக்கங்களால் மட்டும் எல்லாருக்கும் நோய் அடங்குவதும் இல்லை. வலி அடிக்கடி வந்து வேலையைக் கெடுத்தால் தடுப்பு மருந்து வேண்டியிருக்கும். சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் முதல் ஊசி மருந்து 2018-இல் ஒப்புதல் பெற்றது. இரவுப்பணி மாறி மாறி வரும் ஆலைத் தொழிலாளிக்கும் செவிலியருக்கும் ஒரே நேரத்தில் உறங்கி எழச் சொல்லும் அறிவுரை பயன்படாது. அவர்களுக்கு முறைப்பணியை அடிக்கடி மாற்றாமல் வைப்பதும், சாப்பாட்டு நேரத்தைப் பணிநேரத்தோடு கட்டிப்போடுவதும், தடுப்பு மருந்தை முன்கூட்டியே தொடங்குவதும்தான் மருத்துவர்கள் சொல்லும் வழி.